பாலித் தீவில் இரண்டு சிநேகிதர்கள்

ஊரில் இருக்கும்போது சிநேகிதம் சுலபம். சாயங்காலம் சந்திக்கிறோம், ஒரு காப்பி சாப்பிடுகிறோம், உலகத்தையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறோம். அதே சிநேகிதரோடு பத்து நாள் பிரயாணம் போய், ஒரே அறையில் தங்கிப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். ஒருவர் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைக்கச் சொல்வார். மற்றவருக்குப் பத்து மணிக்குத்தான் பொழுதே விடியும்.

"தூங்குவதற்கா இவ்வளவு பணம் போட்டு வந்தோம்?" என்பார் ஒருவர்.

"தலைவலி வாங்கிக்கொண்டு போவதற்கா வந்தோம்?" என்பார் மற்றவர்.

மூன்றாம் நாள் முகம் கோணும். ஐந்தாம் நாள் சாப்பாட்டுப் பில்லில் சண்டை வரும். ஊர் திரும்பிய பிறகு அந்தச் சாயங்காலக் காப்பியும் நின்று போகும். உல்லாசப் பிரயாணம் போய்ப் பல வருஷத்துச் சிநேகிதத்தைத் தொலைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு.

இப்படி இரவும் பகலுமாக இருக்கும் இரண்டு பேர் எங்கே போகலாம்? பாலித் தீவுக்குப் போகலாம். அங்கே கூத்துக்கும் இடம் இருக்கிறது, ஓய்வுக்கும் இடம் இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த இரண்டையும் சண்டையில்லாமல் சேர்த்து வைக்கத் தெரிந்தவர்கள் பாலி ஜனங்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

பள்ளிக்கூட நாளிலிருந்து பழகிய இருவர், மார்ச் மாதத்தில் சென்னையிலிருந்து கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இரவுப் பிரியர். மற்றவர் காலைப் பிரியர். அவர்கள் பின்னாலேயே நாமும் போய்ப் பார்க்கலாமே!

ஒரே நாளில் லட்சாதிபதி

இந்தோனேஷியாவைச் சேர்ந்த பாலி, ஜாவாவுக்குக் கிழக்கே, பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி தெற்கே இருக்கிறது. பரப்பு சுமார் 5,600 சதுர கிலோமீட்டர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்று அதிகம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஜனத்தொகை 43 லட்சம். சென்னையிலிருந்து போகிறவர்கள் சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ விமானம் மாறிப் போகலாம். இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி முன்னால் தள்ளி வைக்க வேண்டும்.

விமான நிலையத்தில் பணத்தை மாற்றியவுடன் இருவரும் லட்சாதிபதிகள்! 2025-ஆம் ஆண்டு மதிப்பில் அந்த ஊர் ஒரு லட்சம் ரூபியா, நம் பணத்தில் ஐந்நூறு ரூபாய் சொச்சம்தான். இந்தச் சந்தோஷம் முதல் இளநீர் வாங்கும்வரை நீடிக்கும்.

அழைத்துப் போக வந்த டிரைவர், கைகூப்பி, "ஓம் சுவஸ்தியஸ்து" என்கிறார். தீவு ஜனங்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் இந்துக்கள். டிரைவரின் பெயர் கெதுத். அப்படியானால் அவர் வீட்டில் நான்காவது பிள்ளை என்று கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். சாதாரணக் குடும்பங்களில் மூத்தது வயான், இரண்டாவது மாடே, மூன்றாவது நியோமான், நான்காவது கெதுத். ஆணானாலும் பெண்ணானாலும் இதுதான் வழக்கம். ஐந்தாவது பிறந்தால்? மறுபடியும் வயான்!

குரங்கும் கூத்தும்

முதல் இரண்டு நாளும் இரவுப் பிரியர் இஷ்டப்படி நடக்கின்றன. மேற்குக் கரையில் கூட்டா என்ற கடற்கரை. 1936-இல் ராபர்ட் கோக் என்ற அமெரிக்கரும் லூயிஸ் காரெட் என்ற அம்மையாரும் இங்கே ஓலைக் குடிசைகள் போட்டு ஓட்டல் ஆரம்பித்தார்கள். ஹவாயிலிருந்து கற்ற வித்தையாகப் பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் விளையாட்டைப் பாலிக்குக் கொண்டு வந்தவரும் கோக்தான். 1942-இல் ஜப்பானியர் வந்தபோது அந்த ஓட்டல் போயிற்று, அலைச்சறுக்கு நிலைத்தது. இன்றைக்கும் காலை முதல் மாலை வரை, பலகையோடு விழுகிறவர்களும் எழுகிறவர்களுமாகக் கடல் நிறைந்திருக்கிறது. ஒரு குறை சொல்லத்தான் வேண்டும். மழைக்காலத்தில் ஆறுகளும் கடலும் கொண்டுவந்து தள்ளும் பிளாஸ்டிக் குப்பை இந்தக் கரையில் ஒதுங்குகிறது. 2019-இல் பாலியில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தும் தொல்லை தீரவில்லை.

மாலையில் இருவரும் தெற்கு முனையிலுள்ள உலுவாத்து கோயிலுக்குப் போகிறார்கள். செங்குத்தான பாறைமேல், கடலுக்கு ஏறக்குறைய எழுபது மீட்டர் உயரத்தில் கோயில். அங்குள்ள குரங்குகள் வியாபாரத்தில் கெட்டி. மூக்குக் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு மரத்தில் ஏறிவிடும்; பழத்தைக் கொடுத்தால் கண்ணாடியைத் திருப்பித் தரும். காலைப் பிரியரின் கண்ணாடி இப்படி இரண்டு வாழைப்பழத்துக்கு மீட்கப்படுகிறது.

சூரியன் கடலில் இறங்குகிற நேரத்தில் கெச்சாக் ஆட்டம் ஆரம்பமாகிறது. மேளம் இல்லை, தாளம் இல்லை. இடுப்பில் கட்டம் போட்ட துணி கட்டிய ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து, "சக் சக் சக்" என்று வாயாலேயே தாளம் போடுகிறார்கள். அவர்கள்தான் வானர சேனை. நடுவே ராமனும் சீதையும் அனுமனும் வருகிறார்கள். பழைய சடங்குப் பாடலிலிருந்து இந்த ஆட்டம் இன்றைய உருவம் பெற்றது 1930-களில். பாலிக் கலைஞர்களோடு சேர்ந்து அதற்கு வடிவம் கொடுத்தவர்களில் வால்டர் ஸ்பீஸ் என்ற ஜெர்மானிய ஓவியரும் ஒருவர். அனுமன் வாலில் தீ வைக்கும் கட்டத்தில், மொழி தெரியாத வெளிநாட்டார் விழிக்கும்போது நம் இருவரும் மட்டும் அடுத்து நடக்கப்போவது தெரிந்தவர்களாய்ப் பெருமையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிறகு ஜிம்பரான் கடற்கரையில் சாப்பாடு. மணலிலேயே மேஜை போட்டு, தேங்காய் மட்டை நெருப்பில் மீன் வாட்டித் தருகிறார்கள். சின்ன வெங்காயம், மிளகாய், எலுமிச்சைப் புல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கித் தேங்காயெண்ணெயில் பிசைந்த 'சம்பால் மாத்தா' என்ற தொடுகறி நம் நாக்குக்கு உறைக்கும், பிடிக்கும். சைவக்காரருக்கும் கவலையில்லை. சோயா மொச்சையைப் புளிக்க வைத்துச் செய்யும் 'தெம்பே'யும், வேகவைத்த காய்கறிமேல் வேர்க்கடலைக் குழம்பு ஊற்றிய 'கடோ கடோ'வும் எங்கும் கிடைக்கும்.

விடியாத தெரு

இரவு பத்து மணி. கூட்டாவிலிருந்து வடக்கே லெகியான், செமின்யாக் வரை விளக்குகள் எரிகின்றன. ஒரு வாசலில் கிதார். அடுத்த வாசலில் டமாரம்போல் அதிரும் இயந்திர சங்கீதம். எதிர்வாசலில் ஆஸ்திரேலிய இளைஞர்களின் கும்மாளம். இரவுப் பிரியர் கால் தானாகத் தாளம் போடுகிறது. காலைப் பிரியர் காதில் விரலை வைத்துக்கொண்டு பின்னால் வருகிறார். "என்னடா, கோயில் பிராகாரமா சுற்றுகிறாய்? கொஞ்சம் சிரியேன்!" என்கிறார் முன்னவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பாலியில் 'அராக்' என்ற உள்ளூர்ச் சாராயம் உண்டு. முறையாக வடித்ததும் உண்டு. மெத்தனால் கலந்த கள்ளச் சரக்கும் உண்டு. கள்ளச் சரக்கைக் குடித்து உள்ளூராரும் வெளிநாட்டாரும் மாண்டிருக்கிறார்கள். இந்த விபரீதம் நமக்கு விளக்க வேண்டியதில்லை. சீல் வைத்த புட்டியைக் கண்ணெதிரே உடைத்து ஊற்றாத இடத்தில், இளநீரே உத்தமம்.

தெருவில் பாதி தூரம் போனதும் ஓர் இடத்தில் கூட்டத்தின் சத்தம் சற்று அடங்குகிறது. அங்கே செதுக்கு வேலைப்பாடுள்ள கல் மண்டபம். அதன் நடுவில் கருங்கல் பலகையில் 202 பெயர்கள். 2002-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி, இரவு பதினோரு மணி தாண்டியதும், இந்தத் தெருவில் எதிரெதிரே இருந்த இரண்டு கேளிக்கை விடுதிகளில் வெடிகுண்டுகள் வெடித்தன. மாண்டவர்களில் 88 பேர் ஆஸ்திரேலியர். 38 பேர் இந்தோனேஷியர். மற்றவர்கள் பல நாட்டினர். பெரும்பாலோர் வாலிப வயதினர். சிநேகிதரோடு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள்.

ஒரு மாதம் கழித்து, நவம்பர் 15-ஆம் தேதி, பாலி ஜனங்கள் அந்த இடத்தில் பெரிய சுத்தி பூஜை நடத்தினார்கள். இறந்தவர்கள் எந்த மதத்தினர், எந்தத் தேசத்தினர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் சேர்த்தே பிரார்த்தனை செய்தார்கள். இரவுப் பிரியர் பெயர்களைப் படித்துக்கொண்டே வருகிறார். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருகிற இடத்தில் நின்றுவிடுகிறார். அன்றிரவு இருவரும் சீக்கிரமே அறைக்குத் திரும்புகிறார்கள். யார் சொல்லித் திரும்பினார்கள் என்பது இருவருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் விடியற்காலை காலைப் பிரியர் மட்டும் அதே தெருவில் நடக்கிறார். இரவு ஆடிய வாசல்களில் இப்போது பெண்கள் பூத்தட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். தென்னங்குருத்தில் முடைந்த, உள்ளங்கை அகலத் தட்டு. கிழக்குப் பக்கம் வெள்ளைப் பூ, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே நீலம் அல்லது பச்சை. மேலே ஓர் ஊதுவத்தி. இதற்குச் 'சானாங் சாரி' என்று பெயர். கடை வாசல், மோட்டார் சைக்கிள், கேளிக்கை விடுதியின் படிக்கட்டு எதையும் விடுவதில்லை. தெய்வங்களுக்கு உயரத்தில், பூதங்களுக்குத் தரையில். இரவில் தள்ளாடி நடந்தவர்கள் மிதித்த பழைய தட்டுகளைப் பெருக்கிவிட்டு, முகம் சுளிக்காமல் புதிதாக வைக்கிறார்கள்.

வயலும் ஓய்வெடுக்கும்

அடுத்த மூன்று நாள் காலைப் பிரியருடையவை. வடக்கே மலைச்சாரலில் உபுத் என்ற ஊர். தூரம் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். போக்குவரத்து நெரிசலில் இரண்டு மணி நேரமும் ஆகலாம். ஓட்டல் திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே பச்சைப் பசேலென்று நெல் வயல். மாலையில் தவளைக் கச்சேரி. மஞ்சளும் புளியும் சேர்த்த 'ஜாமு' என்ற கஷாயம் கொடுக்கிறார்கள். தேங்காயெண்ணெய் போட்டு உடம்பு பிடித்து விடுகிறார்கள். நம் ஊர் எண்ணெய்க் குளியலை நினைத்துக்கொண்டே காலைப் பிரியர் கண்ணயர்ந்துவிடுகிறார். இரவுப் பிரியர் செல்போனில் விரலை ஓட்டியபடி, "இதை நம் ஊரிலேயே செய்திருக்கலாமே" என்று முணுமுணுக்கிறார்.

பக்கத்தில் தம்பக்சிரிங் என்ற ஊரில் கி.பி. 962-இல் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் தீர்த்தம் இருக்கிறது. அதன் பெயரே 'தீர்த்த எம்புல்'. ஊற்றுநீர் வரிசையாகக் கல் வாய்களில் கொட்டுகிறது. ஜனங்கள் ஒவ்வொன்றாகத் தலையைக் கொடுத்துக்கொண்டே போகிறார்கள். இடுப்பில் துணி கட்டாமல் யாரையும் கோயிலுக்குள் விடமாட்டார்கள்.

ஊற்றுநீர் வயலுக்குப் போகும் விதம் ஒரு பெரிய பாடம். ஒரே கால்வாயை நம்பிய விவசாயிகள் எல்லோரும் ஒரு சங்கம்; அதற்குச் 'சுபாக்' என்று பெயர். 9-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் ஏற்பாடு. 2012-இல் ஐ.நா. கல்வி, பண்பாட்டு நிறுவனம் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர், எப்போது நடவு, எப்போது தரிசு என்பதை நீர்க் கோயில்களில் கூடித்தான் முடிவு செய்கிறார்கள்.

1970-களில் அதிக மகசூலுக்காக, முறை பாராமல் அவரவர் தொடர்ந்து பயிரிடலாம் என்று அரசாங்கம் ஊக்கப்படுத்தியது. என்ன ஆயிற்று? ஒரு வயல் அறுவடையாகும்போது பக்கத்து வயலில் பயிர் நின்றது. பூச்சிகளும் எலிகளும் இங்கிருந்து அங்கே குடிபெயர்ந்து கொழுத்தன. மருந்து அடித்தும் பயனில்லை. ஸ்டீபன் லான்சிங் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் இதை ஆராய்ந்து விளக்கினார். எல்லா வயலும் ஒரே சமயத்தில் தரிசாகக் கிடந்தால்தான் பூச்சிக்குத் தின்ன எதுவும் இருக்காது. பூசாரிகளும் விவசாயிகளும் காலங்காலமாகச் செய்துவந்தது அதுதான். ஒரு வயல் மட்டும் ஓய்ந்தால் போதாது. அக்கம்பக்கமெல்லாம் சேர்ந்து ஓய வேண்டும்!

ஓகோ! பிறகு மௌனம்

உபுத்துக்கு வந்த மூன்றாம் நாள் அமாவாசையை ஒட்டி வருகிறது. அதற்குச் சில நாள் முன்னதாகவே ஊர் ஊராக ஜனங்கள் வெள்ளை உடுத்தி, சுவாமியை ஏந்திக் கடலுக்கும் தீர்த்தங்களுக்கும் போய்விட்டு வந்திருக்கிறார்கள். இன்று வருஷக் கடைசி. பாலியர்கள் நம் நாட்டுச் சக வருஷக் கணக்கைப் பின்பற்றுகிறவர்கள். நம் தெலுங்கு, கன்னடச் சகோதரர்கள் யுகாதி கொண்டாடுகிற அதே சமயத்தில்தான் அவர்களுக்கும் வருஷப் பிறப்பு. அதன் பெயர் நியெபி.

இருட்டியதும் தெருவில் பிரளயம்! மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்த பூத உருவங்கள், கோரைப்பல்லும் பிதுங்கிய விழியுமாக, வாலிபர்களின் தோளில் ஏறி வருகின்றன. அவற்றுக்கு 'ஓகோ ஓகோ' என்றே பெயர். வெண்கலத் தாளங்களும் பறைகளும் காதைப் பிளக்கின்றன. நாற்சந்தியில் பூதத்தை மும்முறை சுழற்றி, அதற்கே திசை தெரியாமல் அடிக்கிறார்கள். 1980-களில்தான் தீவெங்கும் பரவிய ஊர்வலம் இது. ஆயினும் சத்தம் போட்டுத் துர்த்தேவதைகளை விரட்டும் வழக்கம் பழையது. இரவுப் பிரியர் கூட்டத்தோடு குதிக்கிறார். அதிசயம், காலைப் பிரியரும் குதிக்கிறார். ஊரே ஒன்றாகப் போடும் சத்தம் அவருக்குச் சத்தமாகவே தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. எல்லாம் நின்றுவிடுகிறது.

அன்று தீவுக்கு நான்கு விரதங்கள். நெருப்பு, விளக்கு கூடாது. வேலை கூடாது. வெளியே நடமாட்டம் கூடாது. கேளிக்கை கூடாது. மறுநாள் காலை ஆறு மணி வரை இதுதான் சட்டம். விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். 2018 முதல் செல்போனில் இணையமும் கிடையாது. ஆஸ்பத்திரி, பிரசவம் போன்ற அவசரங்களுக்கு மட்டும் விலக்கு. கட்டம் போட்ட வேட்டி கட்டிய 'பெச்சாலாங்' என்ற ஊர்க்காவலர் மட்டும் தெருவில் நடக்கிறார்கள். வெளிநாட்டார் ஓட்டலுக்குள்ளேயே இருக்க வேண்டும். இரவில் திரையை இழுத்து மூடிக்கொள்ள வேண்டும். விரட்டிய பூதங்கள் திரும்பி வந்தால், "இந்தத் தீவில் யாரும் இல்லை போலிருக்கிறது" என்று ஏமாந்து போய்விடுமாம்.

இரவுப் பிரியர் காலையில் பத்துத் தடவை செல்போனைப் பார்க்கிறார். மத்தியானம் அலுத்துப்போய்த் தூங்குகிறார். சாயங்காலம் இருவரும் திண்ணையில் உட்காருகிறார்கள். பேச்சு எங்கெங்கோ போய்ப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. பிறகு வீட்டுக் கவலைகளுக்கு வருகிறது. இத்தனை வருஷக் காப்பிக் கடைப் பேச்சில் வாய்க்கு வராத சமாச்சாரங்கள் வெளியே வருகின்றன. ஒருவருடைய தகப்பனாருக்கு உடம்பு சரியில்லை என்பது மற்றவருக்கு அன்றைக்குத்தான் தெரிகிறது. பிறகு இருவரும் பேசவில்லை. விளக்கில்லாத தீவின்மேல், மேகம் விலகிய இடத்திலெல்லாம் நட்சத்திரம்.

விருந்தாளியின் கடமை

இந்தத் தீவுக்கு 2024-இல் வந்த வெளிநாட்டார் 60 லட்சத்துக்கு மேல். கொரோனாத் தொற்றினால் 2021 முழுவதும் வந்தவர்களோ ஐம்பதைச் சுற்றித்தான். ஓட்டல் சிப்பந்திகள் பலர் கிராமத்துக்குத் திரும்பி வயலிலும், கடற்பாசி வளர்ப்பிலும் இறங்கிப் பிழைத்தார்கள். ஆகவே, விருந்தாளி வேண்டாம் என்று பாலியால் சொல்ல முடியாது. ஆனால் விருந்தாளி பெருகப் பெருக வயல்கள் விடுதிகளாகின்றன. நிலத்தடி நீர் இறங்குகிறது. சானூரில் 1966-இல் பத்து மாடி ஓட்டல் எழுந்தபோது, தென்னை மரத்துக்கு மேலே கட்டடம் கூடாது என்று பாலியர் விதி செய்துகொண்டார்கள். உயரத்துக்கு வரம்பு கட்டியவர்களுக்கு எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவது இன்னும் கைகூடவில்லை. 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டார் ஒவ்வொருவரும் ஒன்றரை லட்சம் ரூபியா தீவுக்குச் செலுத்த வேண்டும். அதைச் சுமையென்று எண்ணாமல் காணிக்கையென்று எண்ணிக் கொடுத்துவிடலாம்.

போகிறவர்கள் இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வாடகை ஸ்கூட்டர் எடுப்பதானால் சர்வதேச லைசென்சும் ஹெல்மெட்டும் வேண்டும். அங்கேயும் நம்மைப்போல் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். தரையில் பூத்தட்டைப் பார்த்தால் சுற்றிப் போக வேண்டும். நியெபி தேதியை முன்கூட்டிப் பார்த்து டிக்கெட் வாங்க வேண்டும். தப்பித்துக்கொள்வதற்காக அல்ல, அகப்பட்டுக்கொள்வதற்காக!

கடைசி நாள் இருவரும் கிழக்குக் கரையிலுள்ள சானூரில் இருக்கிறார்கள். பவளப் பாறை அலையைத் தடுப்பதால் அங்கே கடல் குளம் போலக் கிடக்கிறது. விடியற்காலை ஐந்தரை மணிக்குக் காலைப் பிரியர் ஓசைப்படாமல் செருப்பை மாட்டுகிறார். கட்டிலிலிருந்து குரல் வருகிறது:

"இருடா, நானும் வருகிறேன்."